வாங்குபவர் தந்த முகவரி தவறாக இருந்தால்

இணையத்தில் பொருள் விற்கத் தொடங்கிய புதிதில், பணம் வந்து சேர்ந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது என்றே நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது நான் விற்ற ஒரு பழைய கேமரா லென்ஸ். பணம் செலுத்திய ஒரு மணி நேரத்துக்குள் வாங்கியவரிடமிருந்து செய்தி வந்தது: ஆர்டரில் இருப்பது தாம் காலி செய்துவிட்ட வீட்டின் முகவரி என்றும், கீழே தந்திருக்கும் புதிய முகவரிக்கு அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும் என்றும் மிகவும் பணிவாக எழுதியிருந்தார். நானும் யோசிக்காமல் அந்த முகவரியை லேபிளில் எழுதி ஒட்டி அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் பார்சல் சேர்ந்துவிட்டதாக டிராக்கிங் காட்டியது. இரண்டு வாரம் கழித்து, பொருள் தமக்கு வரவே இல்லை என்று அவர் பெயரில் புகார் பதிவானது. தளம் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆர்டரில் உள்ள முகவரிக்குப் பொருள் சேர்ந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா? வேறோர் ஊரில் சேர்ந்ததற்கான ஆதாரம் மட்டுமே என் கையில் இருந்தது. லென்ஸும் போயிற்று, பணமும் போயிற்று.

அன்றிலிருந்து ஒரு விதியை மீறாமல் கடைப்பிடித்து வருகிறேன். பார்சல் ஆர்டரில் உள்ள முகவரிக்குப் போகும், இல்லாவிட்டால் எங்கும் போகாது. இது என் பிடிவாதம் மட்டுமன்று. விற்பவருக்குத் தரும் பாதுகாப்பை, இணையத்தில் பணம் செலுத்த உதவும் பேபால் நிறுவனம், பணப் பரிமாற்ற விவரப் பக்கத்தில் உள்ள முகவரிக்கே பொருள் அனுப்பப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு இணைத்திருக்கிறது. முதலில் சரியான முகவரிக்கு அனுப்பிவிட்டு, வாங்கியவர் கேட்டுக்கொண்டதற்காக வழியில் வேறிடத்துக்குத் திருப்பினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஈபே என்ற விற்பனைத் தளத்திலும் பொருள் வரவில்லை என்ற புகாரில், ஆர்டர் விவரத்தில் உள்ள முகவரிக்குச் சேர்ந்ததாகக் காட்டும் டிராக்கிங்தான் விற்பவரைக் காப்பாற்றும். ஏமாற்றியது வாங்கியவரா, அவருடைய கணக்கைக் கைப்பற்றிய வேறொருவரா என்பதெல்லாம் அந்த முடிவில் எடுபடாது.

ஆகவே முகவரி மாற்றச் சொல்லி யார் கேட்டாலும், ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தந்து, சரியான முகவரியோடு மறுபடி ஆர்டர் செய்யச் சொல்வதே என் வழக்கம். இப்படிச் செய்ய வேண்டும் என்று முதலில் படித்தபோது, வந்த விற்பனை கைவிட்டுப் போய்விடுமே என்று தயங்கினேன். அனுபவத்தில், உண்மையாகவே தவறு செய்தவர்கள் பெரும்பாலும் அன்றே மறுபடி வாங்கிவிடுகிறார்கள். சொல்லும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நான் அனுப்புவது இவ்வளவுதான்: "வணக்கம். ஆர்டரில் பதிவான முகவரியை என்னால் மாற்ற இயலாது. மாற்றி அனுப்பினால் பார்சல் தொலையும்போது உங்களுக்கும் எனக்கும் பாதுகாப்பு இருக்காது. இந்த ஆர்டரை ரத்து செய்து முழுப் பணத்தையும் இப்போதே திருப்பி அனுப்புகிறேன். உங்கள் கணக்கில் முகவரியைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஆர்டர் செய்யுங்கள். பொருளை நாளை மாலை வரை உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்." அந்தக் கடைசி வரியைச் சேர்த்த பிறகு கோபமான பதில் வருவது நின்றுவிட்டது. ஈபேயில் ரத்து செய்யும்போது காரணங்களின் பட்டியலில் வாங்குபவரின் முகவரியில் சிக்கல் என்பதும் ஒன்றாக இருக்கிறது. பொருள் கையிருப்பில் இல்லை என்ற காரணத்தைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் அது விற்பவரின் குறையாகப் பதிவாகும் என்பதால், அந்த இடத்தில் நிதானம் தேவை.

இதெல்லாம் வாங்கியவரே வந்து சொல்லும்போது. அவர் சொல்லாமல், முகவரியைப் பார்த்து நமக்கே சந்தேகம் வருவது வேறு வகை. கதவு எண் இல்லாத அடுக்குமாடி முகவரி, ஊருக்குப் பொருந்தாத அஞ்சல் குறியீடு, தெருப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மின்னஞ்சல் முகவரி என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். லேபிள் அச்சிடுவதற்கு முன் முகவரியை ஒரு வரைபடத்தில் இட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆனால் தவறு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் நாமே திருத்தக் கூடாது. ஒருமுறை அஞ்சல் குறியீட்டில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருப்பதாக எண்ணி, திருத்திவிடலாமா என்று கை துறுதுறுத்தது. கேட்டு எழுதினேன். குறியீடு சரியாகவே இருந்தது, ஊரின் பெயர்தான் தவறு. என் ஊகப்படி திருத்தியிருந்தால், பாதி சரியாக இருந்த முகவரியை முழுவதும் தவறாக்கியிருப்பேன்.

நமக்குப் பழக்கமில்லாத நாட்டின் முகவரி தவறுபோலத் தோன்றுவதும் உண்டு. ஹாங்காங்கில் அஞ்சல் குறியீடே கிடையாது. படிவம் கட்டாயப்படுத்துவதால் அங்கிருந்து வாங்குபவர்கள் அந்தப் பெட்டியில் வெறும் பூஜ்யங்களை நிரப்புகிறார்கள். ஜெர்மனியில் தெருப்பெயருக்குப் பிறகுதான் வீட்டு எண் வரும். ஜப்பானிய மொழியில் எழுதும்போது முகவரி பெரிய நிலப்பகுதியில் தொடங்கி வீட்டு எண்ணில் முடியும். நெதர்லாந்தின் குறியீட்டில் 4 இலக்கங்களும் 2 எழுத்துகளும் இருக்கும். இவற்றை நம் வழக்கப்படி ஒழுங்குபடுத்த முனைந்தால், அங்குள்ள அஞ்சல்காரருக்கு எளிதாக விளங்கியிருக்கும் முகவரியை நாமே குழப்பிவிடுகிறோம். நாட்டின் பெயரை மட்டும் கடைசி வரியில், பெரிய எழுத்தில், தனியாக எழுதினால் போதும். முதலில் எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்பதைத்தான் அனுப்பும் அஞ்சலகம் பார்க்கிறது.

வாங்குபவர் மீது பழி போடுவதற்கு முன் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பதை நான் மனமார வலியுறுத்துகிறேன், ஏனென்றால் முகவரியைக் கெடுப்பது பல நேரங்களில் நம் கருவிகளே. ஆர்டர்களை எக்செல் தாளில் இறக்கும்போது, பூஜ்யத்தில் தொடங்கும் அஞ்சல் குறியீடுகளை அது சாதாரண எண்ணாகக் கருதி முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் ஜெர்மனியின் கிழக்குப் பகுதியிலும் அத்தகைய குறியீடுகள் ஏராளம். டிரெஸ்டனின் 01067 நம் தாளில் 1067 ஆகிவிடும். குறியீடுகள் உள்ள நெடுவரிசையை உரை வடிவத்தில் வைத்துக்கொண்டால் இது நேராது. இன்னொன்று வரியின் நீளம். பெரிய கூரியர் நிறுவனங்களின் மென்பொருளில் ஒரு முகவரி வரிக்கு 35 எழுத்துகள் போன்ற வரம்பு இருப்பதால், நீளமான வரியின் கடைசியில் இருக்கும் கதவு எண் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டுவிடும். அச்சிட்ட லேபிளைக் கையில் எடுத்து, ஆர்டர் பக்கத்தைத் திரையில் வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் இப்போது டேப் ஒட்டுகிறேன்.

கேட்டும் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எனக்கு இன்றும் சங்கடமான இடம். அனுப்பவேண்டிய கெடு ஓடிக்கொண்டிருக்கும். தளத்தின் செய்திப்பெட்டி வழியாகவே இரண்டு முறை கேட்கிறேன். வெளியே வாட்ஸ்அப்பில் பேசினால் பிற்பாடு அதை ஆதாரமாகக் காட்டுவது கடினம். கெடு முடியும் நாள் வரை பதில் இல்லையென்றால், முகவரி குறையுள்ளதாக இருந்தாலும் போய்ச்சேரக் கூடியது என்று தோன்றினால் அதே முகவரிக்கு டிராக்கிங்கோடு அனுப்புவேன். தெருவே இல்லாத முகவரி என்றால் ரத்து செய்துவிடுவேன். தொலைபேசி எண் இருந்தால் கூரியரின் படிவத்தில் மறக்காமல் சேர்ப்பேன், ஏனென்றால் வழி தெரியாமல் நிற்கும் டெலிவரி ஊழியருக்கு அந்த எண் ஒன்றுதான் துணை.

பார்சல் கிளம்பிய பிறகு தவறு தெரியவந்தால் வாய்ப்புகள் குறைவு. யூபிஎஸ், ஃபெட்எக்ஸ் போன்ற கூரியர் நிறுவனங்களிலும் அமெரிக்க அஞ்சல் துறையிலும் வழியில் இருக்கும் பார்சலை நிறுத்தச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அப்படிச் செய்யும்போது புதிய முகவரிக்குத் திருப்பாமல், என்னிடமே திருப்பி அனுப்பும்படிதான் கேட்கிறேன். எல்லை தாண்டிய பார்சல் என்றால் சிக்கல் இன்னும் கூடும். 2021 முதல் பன்னாட்டு அஞ்சலில் பொருள் அனுப்பும்போது, பெறுபவரின் விவரங்களும் சுங்க விவரங்களும் மின்னணு வடிவில் முன்கூட்டியே சென்றுவிட வேண்டும் என்றாகிவிட்டதால், பெட்டியின் மேல் பேனாவால் முகவரியை அடித்துத் திருத்தினால் உள்ளே போன தகவலும் வெளியே உள்ள எழுத்தும் ஒத்துப்போகாது.

எல்லாப் பெட்டிக்குள்ளும் ஆர்டர் எண், பெறுபவரின் முகவரி, என் முகவரி மூன்றையும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை வைக்கிறேன். வெளி லேபிள் கிழிந்து, யாருடையது என்று தெரியாமல் பெட்டி திறக்கப்பட்டாலும் அது வழி கண்டுபிடிக்க அந்தச் சீட்டு உதவும். முகவரி முழுமையற்றது என்ற குறிப்போடு, ஒரு மூலை நசுங்கித் திரும்பி வரும் பெட்டியை உடனே திறப்பதில்லை. முதலில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்கிறேன், பிறகு திறக்கும்போது உள்ளே இருப்பதையும் எடுக்கிறேன். அந்தப் படங்களோடு வாங்கியவருக்குச் செய்தி அனுப்பி, அனுப்பும் செலவை மறுபடி செலுத்திப் பொருளைப் பெற்றுக்கொள்கிறாரா, தளத்தின் விதிப்படி பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்கிறேன். மறுபடி அனுப்பச் சொன்னால், அதுவும் சரியான முகவரியோடு போடப்பட்ட புதிய ஆர்டராகத்தான் என்னிடம் வர வேண்டும்.