கட்டினவர் குடி வராத வீடு

ஊர்லேருந்து அப்பத்தா சிங்கப்பூருக்கு வந்திருந்தாங்க. தேக்கா, டாங்க் ரோடு முருகன் கோயில், சாங்கி ஏர்போர்ட் அருவின்னு மூணே நாள்ல எல்லாம் தீர்ந்து போச்சு, நாலாவது நாள் காலையில "வேற என்னப்பா இருக்கு இந்த ஊர்ல"ன்னு கேட்டுட்டாங்க. ரைட்டர்ஸ் ஃபெஸ்டிவல் நடந்துட்டிருந்த நேரம் அது, சாயங்காலம் ஆர்ட்ஸ் ஹவுஸ்ல ஒரு தமிழ்க் கவிதை வாசிப்பு இருந்துச்சு, சரி ஏசியில உட்கார்ந்த மாதிரியாவது இருக்கும்னு கூட்டிட்டுப் போயிட்டேன்.

ராஃபிள்ஸ் பிளேஸ்ல இறங்கி கேவனா பாலம் வழியா நடந்தோம். மாடு, குதிரை, மூணு ஹண்ட்ரட்வெயிட்டுக்கு (சுமார் 150 கிலோ) மேல உள்ள வண்டி எதுவும் பாலத்துல போகக் கூடாதுன்னு பழைய போர்டு இன்னும் அங்க இருக்கு, படிச்சுச் சொன்னேன். அப்பத்தா காதுல வாங்கின மாதிரியே தெரியல, திரும்பி நின்னு எதிர்க்கரை பேங்க் கட்டடங்களையே பார்த்துட்டு இருந்தாங்க. "எங்க அப்பச்சி மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியிலதான் பெட்டியடிப் பையனா இருந்தாக." கிட்டங்கின்னா செட்டியாருங்க தங்கி வட்டித்தொழில் பண்ணின கட்டடம், பெட்டியடிப் பையன்னா அங்க வேலை கத்துக்கிற எடுபிடிப் பையன். அந்தக் கிட்டங்கி எல்லாம் இடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ஆர்ட்ஸ் ஹவுஸ் கதை கொஞ்சம் வேடிக்கையானது. ஜான் ஆர்கைல் மேக்ஸ்வெல்னு ஒரு ஸ்காட்லாந்து வியாபாரி, தான் குடியிருக்க 1827 வாக்குல ஆத்தோரம் கட்டின மாளிகை அது, டிசைன் பண்ணவர் ஜார்ஜ் கோல்மன், கோல்மன் ஸ்ட்ரீட் அவர் பேர்தான். (மேக்ஸ்வெல் ஃபுட் சென்டர் ஞாபகம் வருதா, அந்த மேக்ஸ்வெல் வேற குடும்பம்.) ஆனா அந்தக் கரை அரசாங்கத்துக்குன்னு ஒதுக்கின இடம், அதனால மனுஷன் ஒரு நாள் கூட அங்க குடியிருக்கல, கவர்மென்ட்டுக்கே வாடகைக்கு விட வேண்டியதாப் போச்சு. கோர்ட்டு, ஆபீஸ், அப்புறம் சட்டமன்றம், 1965லேருந்து பார்லிமென்ட். நடுவுல எத்தனையோ தடவை இடிச்சு, நீட்டி, மாத்திட்டாங்க. 1999ல பார்லிமென்ட் பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிடுச்சு, 2004ல இது கலைக்கூடமாச்சு. இப்ப கச்சேரி, சினிமா, கண்காட்சி, குழந்தைங்களுக்குக் கதை சொல்றதுன்னு ஏதாவது ஒண்ணு நடந்துட்டே இருக்கும்.

இதைச் சொன்னதும் அப்பத்தா சிரிச்சிட்டாங்க. "நம்ம செட்டிநாட்டுப் பக்கம் மட்டும் என்னவாம், கடல் கடந்து கொண்டுவிக்கப் போயி சம்பாரிச்சு அம்மாம்பெரிய வீட்டைக் கட்டிப்புட்டு, இன்னைக்கி பூட்டித்தானே போட்டிருக்காக."

வாசல்ல வெண்கல யானை நிக்குது. சயாம் ராஜா சுலாலங்கோன் 1871ல வந்துட்டுப் போனதுக்குக் குடுத்த பரிசு. பீடத்துல சயாமீஸ், ஜாவி (அரபு எழுத்துல எழுதுற மலாய்), சீனம், இங்கிலீஷ் நாலுலயும் எழுதியிருக்கு, தமிழ் இல்ல. அப்பத்தா சுத்தி வந்து நாலு பக்கமும் தேடிட்டு, முந்தானையால யானைக்குக் கீழ இருந்த மழைத்தண்ணியை ஒரு தொடை தொடைச்சுவிட்டு உள்ள வந்தாங்க. ஏன் தொடைச்சாங்கன்னு கேட்கல.

உள்ள நான்தான் சொதப்பினேன், ரூம் பேரைத் தப்பா படிச்சு மாடிக்குப் போயி இங்கிலீஷ் கலந்துரையாடல்ல பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டோம், அப்புறம் இறங்கி ஓடி வந்து பார்த்தா நம்ம நிகழ்ச்சி பழைய பார்லிமென்ட் ஹால்லயே நடக்குது! எம்பிங்க உட்கார்ந்த அதே சீட்டு, சபாநாயகர் இடம், மேல பார்வையாளர் மாடம், எல்லாம் அப்படியே. ஆன்சன் தொகுதி இடைத்தேர்தல்ல 1981ல ஜெயிச்சு வந்த ஜே.பி.ஜெயரத்னம் ஒத்தை ஆளா எதிர்க்கட்சியில உட்கார்ந்தது இங்கதான். தமிழ்லயும் பேசலாம்னு இருந்த சபை, இப்ப அதே ஹால்ல ஒரு காலேஜ் பொண்ணு மைக்கைப் பிடிச்சுட்டு அவங்க தாத்தாவோட கோப்பிக் கடை பத்தி நடுங்கின குரல்ல வாசிக்குது, நடுவுல ஒரு வரி மறந்து போயி ஃபோனை ஸ்க்ரோல் பண்ணித் தேடுது, யாரும் ஒண்ணும் சொல்லல, எல்லாரும் காத்துட்டிருந்தாங்க. கவிதை சுமார்தான், ஆனா எனக்கு அந்தப் பொண்ணைப் பிடிச்சுப் போச்சு. அதுக்கப்புறம் வந்த ரெண்டு பேர் நல்லாவே எழுதியிருந்தாங்க, ஆனா ரொம்ப நேரம் முன்னுரை பேசினாங்க.

முடிஞ்சதும் அப்பத்தா சீட்டை விட்டு எந்திரிக்கல. "இருப்பா, மந்திரி உட்கார்ந்த நாற்காலி" அப்படின்னு கைப்பிடியை ரெண்டு தடவை தடவிப் பார்த்தாங்க. கிளம்பும்போது கதவுகிட்ட நின்ன மலாய் செக்யூரிட்டி அங்கிள்கிட்ட நேரா போயி தமிழ்லயே கேட்டாங்க, "ராத்திரி யாரு பூட்டுறது, சாவி யாருட்ட இருக்கும்?" அவருக்கு ஒண்ணும் புரியல. அப்பத்தா கையால பூட்டுத் திருப்பிக் காட்டினாங்க. அவர் சிரிச்சுட்டு, இடுப்புல தொங்கின சாவிக்கொத்தை எடுத்து ஆட்டிக் காட்டினாரு.