தேத்தண்ணிக்கு முந்தி

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்குப் போய்வரும் சுகாதாரச் செவிலியர் நான். கர்ப்பிணிகளிடம் "மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்பேன். "போடுறேன்க்கா" என்றால் அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். பல வருஷம் அப்படித்தான் ஓடியது.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி. ரெண்டு வருஷமாக 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை போடுகிறாள். கர்ப்பத்தின் ஏழாவது வாரத்தில் டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) 8-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரையில் இருக்கும் கர்ப்பிணிக்கு 2.5-க்குள் இருந்தால்தான் நிம்மதி. வயிற்றுப் பிள்ளையின் தைராய்டு சுரப்பி 12 வாரம் வாக்கில்தான் சுரக்கவே தொடங்கும். அதுவரை மூளை வளர அம்மாவின் ஹார்மோன்தான். அதனால் நாள் தள்ளிய கொஞ்ச நாளிலேயே மாத்திரைத் தேவை கால்பங்கு, சிலருக்குப் பாதி வரைகூடக் கூடிவிடும். டாக்டர் 75 ஆக்கினார். நாலு வாரம் கழித்தும் 6.

"ஒழுங்காப் போடுறியா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டுவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. மாமியார் குறுக்கே வந்து, "நான்தானே நர்சம்மா கையில குடுக்கிறேன், தேத்தண்ணியோட" என்றார். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து வந்த குடும்பம். அவர்கள் வாயில் டீ வராது, தேத்தண்ணிதான்.

அடுப்படித் தட்டைப் பார்த்தேன். தேயிலைத் தூள் டப்பா, அதை ஒட்டி மாத்திரைக் குப்பி, குப்பியின் தலைமேல் ரத்தச் சோகைக்கு நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அட்டை. மூன்றும் ஒரே வேளையில் உள்ளே போயிருக்கின்றன. இரும்பும் தைராய்டு மாத்திரையும் குடலில் ஒட்டிக்கொண்டால் மருந்தில் ஒரு பங்கு வீண். நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். "காலையில போடும்மா" என்று சொன்னவள் நானேதான். கோபப்பட்டது வெட்கமாகிவிட்டது.

தேத்தண்ணியும் தைராய்டு மருந்தை முழுசாகச் சேரவிடாது. ஆனால் விடியற்காலைக் குளிரில் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் தேத்தண்ணி குடிக்காதே என்று எப்படிச் சொல்வது? காப்பி இல்லாமல் எனக்கே கண் திறக்காது. ஆனால் பிள்ளைத்தாய்ச்சி விடியுமுன் ஒரு தடவையாவது ஒன்றுக்குப் போக எழுந்துவிடுவாளே! குப்பி தலைமாட்டுக்குப் போனது, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். இரும்பு மாத்திரை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின். டோஸைக் கூட்டாமலே அடுத்த பரிசோதனையில் 2.3.

இப்போதெல்லாம் "எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வீங்க, வரிசையாச் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன். போன மாதம் ஒரு புதுக் கர்ப்பிணி எல்லாம் சொன்னாள், தைராய்டு மாத்திரையை மட்டும் காணோம்.

"அதை நிறுத்திட்டேன்க்கா. பிள்ளைக்குச் சூடுன்னு அம்மா சொன்னாங்க."

அந்த வீட்டை விட்டுக் கிளம்ப மத்தியானம் ஆகிவிட்டது.