அம்பு இறகுக்குப் பதிமுகச் சிவப்பு: ஐந்தாவது முறை

நான்கு முறை நிறம் தவறிப்போன இறகு நேற்று சிவந்துவிட்டது. பன்னிரண்டு அம்புக்கும் ஆளுக்கொன்றாகப் பன்னிரண்டு வான்கோழி இறகு. குங்குமச் சிவப்பு இல்லை, செங்கல்லில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்த மாதிரி. நான் கேட்டதும் அதைத்தான்.

சாயத்துக்கான பதிமுக மரம் வேலூர் லாங்கு பஜார் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. "தண்ணியில போட்டுக் குடிக்கவா தம்பி?" என்று கேட்டார் கடைக்காரர். சாயத்துக்கு என்றதும், தூளாக இருந்ததை ஒதுக்கிவிட்டுச் சீவலாகப் பொறுக்கிக் கொடுத்தார். நூறு கிராம் சீவலை இரவு ஊறவைத்து, ஒரு மணி நேரம் சிறுதீயில் காய்ச்சி வடிகட்டினேன். சாயம் பிடிப்பதற்கான படிகாரம் வழக்கம்போல இறகின் எடையில் பத்தில் ஒரு பங்கு.

முதல் முறை ஊதா வந்ததும் மரத்தைச் சந்தேகப்பட்டு வேறு கடை மாறினேன். இரண்டாவது முறை பாத்திரத்தை. இரும்பு பட்டால் பதிமுகம் கறுக்கும் என்பதால் வாணலியை விட்டு எவர்சில்வருக்கு வந்தேன். அப்போதும் ஊதாதான்.

மிச்சமிருந்த கஷாயத்தை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் எங்கள் போர்வெல் தண்ணீரையும் இன்னொன்றில் மாடியில் பிடித்த மழைநீரையும் விட்டபோதுதான் விஷயம் புரிந்தது. போர்வெல் டம்ளர் கண்ணெதிரே கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. மழைநீர் டம்ளர் ஆரஞ்சுச் சிவப்பாகவே நின்றது. காட்பாடிப் பக்கம் எங்கள் தெருத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலே பாத்திரத்தில் வெள்ளையாய்ப் படியும். அந்தத் தண்ணீரின் காரத்தன்மை பதிமுகத்தை ஊதாப் பக்கம் தள்ளுகிறது, புளிப்பு மஞ்சள் பக்கம் இழுக்கிறது.

சரி, எலுமிச்சை விட்டுச் சமாளிக்கலாம் என்று மூன்றாவது முறை இறங்கினேன். ஒரு சொட்டு கூடினாலும் மஞ்சளாகிறது, நடுவில் நிறுத்தவே முடியவில்லை. நான்காவது முறை மழைநீரிலேயே சாயம் காய்ச்சினேன். அருமையான சிவப்பு. அதைக் குழாயடியில் அலசினேன், அரை நிமிடத்தில் போய்விட்டது! அன்று இரவு சாப்பாடே இறங்கவில்லை. ஐந்தாவது முறை படிகாரம், சாயம், அலசல் மூன்றுக்கும் மழைநீர்தான். கடைசி அலசலை மறந்துவிடாதீர்கள், மொத்த வேலையும் அங்கேதான் கெடுகிறது.

சூடும் முக்கியம். இறகு கொதிக்கவே கூடாது. இரண்டாவது முறை கொதித்ததில் நான்கு இறகு முறுக்கிக்கொண்டது. அறுபது டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்து, அப்படியே ஆறவிட்டேன். முன்னதாகப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் எண்ணெய்ப் பசை போகக் கழுவியிருந்தேன். இல்லாவிட்டால் நடுவில் திட்டுத் திட்டாக வெள்ளை நிற்கும். உலர்ந்த பிறகு கெட்டில் ஆவியில் காட்டி விரலால் நீவினால் இழைகள் மறுபடி கோத்துக்கொள்ளும்.

அம்பறாத்தூணிக்குத் தோல் தேடுகிறவர்களுக்கு ஒன்று. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் துண்டுத் தோல் எடைக்குக் கிடைக்கும். பட்டையில் பதனிட்டது என்று சொல்லி எனக்கு ஒருவர் குரோம் தோலை, அதாவது குரோமிய உப்பில் பதனிட்டதை, கொடுத்துவிட்டார். வெட்டிய ஓரம் நீலச் சாம்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். துருப்பிடித்த ஆணியைக் காடியில் (வினிகரில்) ஊறவைத்த தண்ணீரைச் சின்னச் சீசாவில் கொண்டுபோய் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் ஏறிய தோல் என்றால் உடனே கறுக்கும். குரோம் தோல் அப்படிக் கறுக்காது.

ஒரு கவலை பாக்கி. பதிமுகம் வெயிலுக்கு நிற்காது. மூன்றாவது முறை இறகில் ஒன்றைப் பாதி அட்டையால் மூடி மாடியில் வைத்தேன். இரண்டே வாரத்தில் மூடாத பாதி வெளிறிவிட்டது. தினமும் மைதானத்துக்குப் போகிற அம்புக்கு இது போதாது. அதனால் அடுத்தது சாயவேர். சோழமண்டலக் கரைத் துணிகளுக்கு ஒரு காலத்தில் சிவப்புக் கொடுத்த வேர், வெயிலில் இதைவிட நன்றாக நிற்கும். அந்தச் சிவப்புக்குத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதாவது, இத்தனை நாள் நான் திட்டித் தீர்த்த போர்வெல் தண்ணீர் அதற்குச் சரியாக இருக்கலாம். நல்ல வேருக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை, கடலூர்ப் பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இறகுகளை இன்னும் அம்பில் ஒட்டவில்லை. மூங்கில் தண்டின் மேல்தோலைச் சீவும் வேலையே பாதியில் நிற்கிறது.