அளவான குடியும் இதயமும்

தினமும் ஒரு கோப்பை சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று என் தந்தை உறுதியாக நம்பினார். நானும் பல ஆண்டுகள் அதை மறுக்கவில்லை. அளவாகக் குடிப்பவர்களுக்கு, அறவே குடிக்காதவர்களைவிட மாரடைப்பு குறைவு என்று காட்டிய ஆய்வுகளே அந்த நம்பிக்கைக்கு அடிப்படை.

ஆனால் அந்த ஒப்பீட்டிலேயே கோளாறு இருந்தது. குடிக்காதவர்கள் என்று கணக்கிடப்பட்டவர்களிடையே, ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டதால் குடியை நிறுத்தியவர்களும் கலந்திருந்தார்கள். அளவாகக் குடிப்பவர்களோ பெரும்பாலும் வசதியும் நல்ல உணவுப் பழக்கமும் உள்ளவர்கள். 2018-இல் லான்செட் இதழில் வெளிவந்த, ஏறத்தாழ 6 லட்சம் பேரை உள்ளடக்கிய ஆய்வில் மாரடைப்பு சற்றுக் குறைந்தது உண்மைதான். எனினும் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் குடியின் அளவுக்கேற்பக் கூடின, வாரத்துக்கு 100 கிராம் ஆல்கஹாலைத் தாண்டியவர்களின் ஆயுளும் குறைந்தது.

ஒரு நள்ளிரவில், விருந்திலிருந்து திரும்பிய தந்தையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி இரண்டு முறை விரைந்து அடித்து, ஒரு கணம் நின்று, மீண்டும் தாறுமாறாக ஓடியதை என் விரல்கள் இன்னும் மறக்கவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார் மருத்துவர். இதயத்தின் மேலறைகள் சீரின்றித் துடிப்பதால் ரத்தம் அங்கே தேங்கி உறையக்கூடும் என்பதும், அந்த ரத்தக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆஸ்திரேலியாவில் இந்த நோயுள்ள 140 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களில் தொடர்ந்து குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்கும், மதுவைத் தவிர்க்கச் சொல்லப்பட்டவர்களில் 53 சதவீதத்தினருக்கும் அது திரும்ப வந்தது. அந்த எண்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அன்று மாலை அவர் கோப்பையை எடுக்கவில்லை.