ஏஇசட் லைசன்ஸ்: ஸ்ரியரிங் பிடிக்கிற மணித்தியாலங்களை விட்டுக்கொடுக்காதீர்கள்

ஏஇசட் லைசன்ஸ், அதாவது ட்ராக்டர் ரெயிலர் ஓடுகிற ஏ வகுப்பும் ஏர் பிறேக்குக்கான இசட்டும் சேர்ந்த லைசன்ஸ், கைக்கு வந்துவிட்டது. சந்தோசம்தான். ஆனால் காசை வாங்கிக்கொண்டு என்னை இழுத்தடித்த, ட்ரக் பழக்கும் பள்ளிக்கூடத்தின் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இப்போது ட்ரக் பக்கம் போக யோசிக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழு ஜி லைசன்ஸ் (சாதாரண கார் லைசன்ஸ்), கண் பரிசோதனை, மருத்துவப் படிவம், எழுத்துச் சோதனை, பயிற்சி, கடைசியில் றோட் ரெஸ்ற் என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும். எங்கெங்கே மாட்டுப்படுவோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் அலைச்சல் மருத்துவப் படிவத்தில். அதற்கு ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) காசு கட்டாது, வைத்தியருக்கு நாங்கள்தான் கட்டவேண்டும். என் வைத்தியர் எல்லாம் பார்த்து நிரப்பித் தந்தார். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் ஆம் என்றும் போடவில்லை, இல்லை என்றும் போடவில்லை. லைசன்ஸ் அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண் அந்த இடத்தைப் பேனையால் தொட்டுக் காட்டிவிட்டுப் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். திரும்பக் கிளினிக்குக்குப் போனால், வைத்தியரைப் பார்க்கப் புதிதாக அப்பொயின்ற்மென்ற் எடுக்க வேண்டுமாம். ஒரு சின்னச் சரி அடையாளத்துக்காக மறுபடி லீவு போட்டுவிட்டு அங்கே போய் இருந்தேன். வைத்தியரின் அறையை விட்டு வெளியே வர முதல் ஒவ்வொரு பெட்டியையும் விரலை வைத்துப் பாருங்கள். கையெழுத்து, திகதி, உங்கள் பெயர் மூன்றையும் பாருங்கள். தகப்பன் பெயர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது எங்கள் ஆட்களின் ஆவணங்களில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஜி லைசன்ஸில் உள்ளபடியே படிவத்திலும் இருக்கட்டும்.

எழுத்துச் சோதனைகளில் கஷ்டம் இல்லை. ஏர் பிறேக் புத்தகத்தை ஆறுதலாக இரண்டு தரம் வாசித்தால் போதும்.

அப்புறம் பள்ளிக்கூடம் தேடல். ஒன்ராறியோவில் 2017 ஜூலை 1 முதல், ஏ லைசன்ஸ் றோட் ரெஸ்ற்றுக்குப் போக முன்னர் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். கனடாவில் இதை முதலில் கொண்டுவந்த மாகாணம் இதுதான். மற்ற மாகாணங்கள் விழித்துக்கொண்டது 2018 ஏப்ரல் 6இல் சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் ஹொக்கி அணியின் பஸ்ஸும் ஒரு ட்ரக்கும் மோதி 16 பேர் இறந்த பிறகு. அந்த ட்ரக் சாரதி வேலைக்குச் சேர்ந்து சில கிழமைகள்தான். அடுத்த வருடமே சஸ்காச்சுவான், அல்பேர்ட்டா, மனிற்றோபா மூன்றும் பயிற்சியைக் கட்டாயமாக்கின. இந்த மணித்தியாலக் கணக்குக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. அதனால்தான் அதில் விளையாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“குறைந்த காசில் ஏ லைசன்ஸ், அந்த நீளப் பயிற்சி ஒன்றும் தேவையில்லை” என்று ஒருவர் ஃபோனில் சொன்னார். அவர் சொன்னது ஆர் என்ற கட்டுப்பாடு போட்ட ஏ லைசன்ஸ். அதை வைத்துக்கொண்டு ட்ராக்டர் ரெயிலர் ஓட முடியாது, ஏர் பிறேக் உள்ள ரெயிலரை இழுக்கவும் முடியாது. ட்ரக் வேலைக்குப் போகிறவருக்கு அது ஒன்றுக்கும் உதவாது. இதை யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்கவேண்டும்.

நான் சேர்ந்தது பிரம்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். கட்டணம் ஆயிரக்கணக்கில். இருபது வருடமாக ட்ரக் ஓடுகிற ஒரு அண்ணை முதலே சொன்னார்: “தம்பி, காசு கட்ட முதல் ஒப்பந்தத்தை வீட்டை கொண்டுவந்து வாசி. ரெஸ்ற்றுக்கு ட்ரக் தருவினமோ, ஃபெயிலானா அடுத்த தரத்துக்கு எவ்வளவு எடுப்பினம், மனுவல் ட்ரக் இருக்கோ, எல்லாத்தையும் எழுத்திலை கேள்.” கேட்டேன். எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதித் தந்தார்கள். கையெழுத்துப் போட்டு ஒப்பந்தப் பிரதி கையில் கிடைத்து இரண்டு நாளுக்குள் எழுத்தில் அறிவித்து ரத்துச் செய்தால் முழுக் காசும் திரும்ப வரும், இது ஒன்ராறியோ சட்டம். சேர்ந்த முதல் நாள் வகுப்பைப் பார்த்து மனம் சரியில்லை என்றால் அந்த இரண்டு நாளை விடாதீர்கள்.

வகுப்பறைப் பாடம் ஒழுங்காகவே போனது. யார்டில் கிடைத்த ஆசிரியர் அருமையான மனிதர். பஞ்சாபிக்காரர், வயதானவர், நாங்கள் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். அவர் காற்று பிறேக் வேலைசெய்கிற படம் எல்லாம் கீறி விளங்கப்படுத்தவில்லை. டாஷ்போர்டில் உள்ள மஞ்சள் குமிழையும் சிவப்புக் குமிழையும் காட்டி, “பேட்டா, இந்த இரண்டும் உன்னோடு கதைக்கும், காதைக் கொடு” என்றார். மஞ்சள் ட்ராக்டரின் பார்க்கிங் பிறேக், சிவப்பு ரெயிலருக்குக் காற்றுக் கொடுப்பது. சில்லுகளுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு, இரண்டு குமிழ்களையும் உள்ளே தள்ளிவிட்டு, பிறேக் பெடலை மிதித்து மிதித்து விடவேண்டும். காற்றழுத்தம் காட்டுகிற ஊசி இறங்கிக்கொண்டே வரும். 55 பிஎஸ்ஐக்கு இறங்க முதல் எச்சரிக்கை விளக்கும் சத்தமும் வந்துவிட வேண்டும். இன்னும் மிதித்தால் 45க்கும் 20க்கும் இடையில் குமிழ்கள் தாமாகவே படக்கென்று வெளியே பாயும். காற்று இல்லாதபோது ஸ்பிரிங்கின் பலத்தால் பிடிக்கிற ஸ்பிரிங் பிறேக் பிடித்துவிட்டது என்று அர்த்தம். காற்றுப் போனால் பிறேக் விட்டுப்போகும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, காற்றுப் போனால் பிறேக் பிடிக்கும் என்பது அந்தச் சத்தத்தோடுதான் உண்மையில் மண்டைக்குள் ஏறும்.

ரெயிலரைக் கொழுவுவதிலும் அவர் ஒரு விஷயத்தை விடவே மாட்டார். பின்னுக்குப் போய்க் கொழுவியதும், இழுத்துப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் நாங்கள் ரெயிலரைத் தாங்கி நிற்கிற இரும்புக் கால்களைச் சுற்றி உயர்த்தப் போவோம். அவர் டோர்ச்சைக் கையில் தந்து ரெயிலருக்குக் கீழே குனியச் சொல்வார். ரெயிலரின் அடியில் உள்ள கிங்பின் என்ற கொழுவு முளையைச் சுற்றித் தாடை முழுதாக மூடியிருக்கிறதா, மேலே ட்ராக்டரின் கொழுவு தட்டுக்கும் ரெயிலருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். வெளிச்சம் தெரிந்தால் கொழுவல் பிழை. இழுத்துப் பார்த்தது மட்டும் போதாது என்பார். பனிக்காலத்தில் கிரீஸும் சேறும் உறைந்து கிடக்கிற இடத்துக்குள் தலையை விடுவது யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் இன்றைக்கும் நான் டோர்ச் இல்லாமல் கொழுவுவதில்லை.

53 அடி ரெயிலரைப் பின்னுக்கு எடுப்பதற்கு அவர் சொன்ன வழியும் நல்லது. கையை ஸ்ரியரிங்கின் கீழ்ப்பக்கத்தில் பிடியுங்கள். ரெயிலரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே கை போகட்டும். இடமா வலமா என்று யோசித்துக் குழம்பத் தேவையில்லை. கொஞ்சம் திருப்பிவிட்டு, ரெயிலர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். பெரிதாகத் திருப்பிவிட்டுப் பிறகு துரத்திப் பிடிக்கப் பார்த்தால் ட்ராக்டரும் ரெயிலரும் மடிந்து நிற்கும்.

இவ்வளவும் யார்டில். றோட்டுக்குப் போனபோதுதான் பிரச்சினை தொடங்கியது. 103.5இல் 50 மணித்தியாலம் ட்ரக்குக்குள் என்பது கணக்கு. நாங்கள் ஒரு ட்ரக்கில் நாலு பேர் ஏறினோம். ஒருவர் ஓட்டுவார், மற்றவர்கள் பின்னால் படுக்கைப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு இருப்போம். காலையில் போய்ப் பின்னேரம் வந்தால் ஆளுக்குச் சொற்ப நேரம்தான் ஸ்ரியரிங் கிடைக்கும். ஆனால் அலுவலகத்தில் மேசையில் வைக்கிற தாளில் நாலு பேருக்கும் முழு நாளும் ஓட்டியதாக மணித்தியாலம் போட்டிருக்கும். “கையெழுத்துப் போடுங்கள், எல்லோரும் போடுகிறார்கள்” என்று அலுவலகத்தில் இருந்த பிள்ளை சொன்னார்.

நான் போடவில்லை. முதல் நாளிலிருந்தே ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன்: எத்தனை மணிக்கு ஸ்ரியரிங்கில் ஏறினேன், எத்தனைக்கு இறங்கினேன், எந்த றோட், எந்த ட்ரக். அதை மேசையில் வைத்தேன். மனேஜர் வந்தார். மற்றவர் ஓட்டுவதைப் பார்ப்பதும் பயிற்சிதான் என்றார். பார்ப்பதால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை, பார்த்த நேரத்தை ஓட்டிய நேரம் என்று எழுதாதீர்கள் என்றேன். குரல் உயர்த்தவில்லை. அன்றிரவே எல்லாவற்றையும் ஈமெயிலில் எழுதி, என் கொப்பிப் பக்கங்களைப் படமெடுத்து இணைத்து, பதில் கிடைக்காவிட்டால் தொழிற்கல்லூரிகளுக்கான மாகாண சூப்பரின்ரென்டன்ற்றுக்கு முறைப்பாடு போகும் என்று ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் மத்தியானத்துக்கு முன் ஃபோன் வந்தது. உஸ்தாத்தோடு தனி ட்ரக், எனக்குக் குறைவாகக் கிடைத்த மணித்தியாலங்கள் முழுவதும் தருவதாகச் சொன்னார்கள். என்னோடு பின்னால் இருந்த மற்ற மூன்று பேருக்கும் சேர்த்துக் கேட்டு வாங்கினேன். இதில் எனக்கு உள்ள திருப்தி லைசன்ஸ் கிடைத்ததைவிடப் பெரிது.

அதற்குள் மனுவல் ட்ரக் பழுது என்றார்கள். ஓட்டோமற்றிக்கில் ரெஸ்ற் எடு, லைசன்ஸ் ஒன்றுதானே என்றார்கள். ஒன்றில்லை. 2022 ஜூலை 1 முதல், ஓட்டோமற்றிக் ட்ரக்கில் ஏ ரெஸ்ற் எடுத்தால் மனுவல் ஓடக்கூடாது என்ற கட்டுப்பாடு லைசன்ஸில் விழும். புது ட்ரக்குகள் பெரும்பாலும் ஓட்டோமற்றிக்தான், உண்மை. ஆனால் சின்ன முதலாளிகளிடமும் மண் ஏற்றுகிற இடங்களிலும் பழைய மனுவல் இன்னும் ஓடுகிறது. வேலை தேடுகிற ஆரம்பத்தில் எந்தக் கதவையும் நானே சாத்த விரும்பவில்லை. திருத்தும்வரை காத்திருந்தேன். பத்து கியரில் டபுள் கிளச் (கியர் மாற்ற ஒவ்வொரு தரமும் கிளச்சை இரண்டு முறை மிதிப்பது) பிடிபடக் கால் நோகும். கிளச்சை முழுக்க அடிவரை மிதிக்காதீர்கள், அடியில் இருப்பது கிளச் பிறேக், அது நிற்கும்போது கியர் போட மட்டும்தான். ஓடும்போது பாதி மிதி போதும்.

கடைசி அடி ரெஸ்ற் நாளில். விடியக் காலை 401 ஹைவேயில் ஸ்நோவுக்குள்ளால் ரெஸ்ற் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால், கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, பயிற்சி முடித்த பதிவு உங்கள் பெயரில் இல்லை, ரெஸ்ற் எடுக்க முடியாது என்றார். பள்ளிக்கூடம் அந்தப் பதிவை ஏற்றவேயில்லை. சான்றிதழ் கையில் இருந்தது, காட்டினேன். அது செல்லாது, கணினியில் இருக்கவேண்டும் என்றார். அவரில் பிழை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் எடுத்தால், “இன்றைக்கு ஏற்றிவிடுகிறோம்” என்று சாதாரணமாகச் சொன்னார்கள். ரெஸ்ற் காசும் போய், நாளும் போய், அடுத்த இடம் கிடைக்கக் காத்திருந்ததுதான் மிச்சம். ரெஸ்ற்றுக்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்னரே பதிவு ஏறிவிட்டதா என்று பள்ளிக்கூடத்திடம் ஈமெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். வாய்ப் பேச்சை நம்பிப் புறப்படாதீர்கள்.

அடுத்த தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ட்ரக்கைச் சுற்றிப் பார்த்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னேன், காற்றுச் சோதனை, பின்னுக்கு எடுத்தல், ஹைவே எல்லாம் போய் வந்தேன். பரிசோதகர் அதிகம் கதைக்கவில்லை, தாளைத் தந்து கை கொடுத்தார். ஒரு விஷயம் மட்டும்: வலப்பக்கம் திரும்பும்போது ரெயிலரின் பின் சில்லுகள் உள்ளுக்குள் வெட்டிக்கொண்டு வரும், கண்ணாடியில் அவற்றையே பார்த்துக்கொண்டு திரும்புங்கள், கேர்ப்பில் (றோட்டோர மேட்டு விளிம்பில்) ஏறினால் அங்கேயே ரெஸ்ற் முடிந்தது.

வீணாய்ப்போன ரெஸ்ற் காசையும் ட்ரக் வாடகையையும் கேட்டு மறுபடி ஈமெயில் போட்டேன். ஒப்பந்தத்தில் ட்ரக் அவர்கள் பொறுப்பு என்று எழுதியிருந்ததால் மறுக்க முடியவில்லை, இரண்டும் திரும்ப வந்தது. சான்றிதழோடு, மணித்தியாலத் தாள்களின் பிரதிகளையும் அப்போதே கேட்டு வாங்கினேன். நான் சேர்ந்த முதல் கம்பனி, இன்ஷூரன்ஸுக்கு வேண்டும் என்று அந்தத் தாள்களைத்தான் முதலில் கேட்டது.