டிரெட் ஸ்காட் முதலில் தோற்றது எதனால்?

அமெரிக்காவில் அடிமையாக இருந்து, விடுதலை கேட்டு வழக்குப் போட்டவர் டிரெட் ஸ்காட். அவர் பெயரைச் சொன்னதும் எல்லோரும் நேராக 1857-க்குப் போய்விடுகிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவருக்கு விடுதலையை மறுத்த ஆண்டு அது. ஆனால் அந்த வழக்கு பத்து வருடத்துக்கு முன்பே கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து முடிந்திருக்க வேண்டியது.

ஸ்காட் வழக்குப் போட்ட மிசௌரி மாநிலத்தில் அடிமைகள் விடுதலை கேட்டு வழக்குப் போடுவது புதிதில்லை. அங்குள்ள செயின்ட் லூயிஸ் நகரில் மட்டும் 300-க்கு மேல் பதிவாகியிருக்கின்றன. 1824-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் மனு. அதில் முகாந்திரம் இருந்தால் கோர்ட்டே வக்கீல் அமர்த்தும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும், வழக்குப் போட்டதற்காகக் கொடுமைப்படுத்தக் கூடாது, கோர்ட்டின் எல்லையை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவும் போடும். வழக்கோ "அடித்தார், அடைத்து வைத்தார்" என்ற வடிவில் இருக்கும். சுதந்திரமானவரை அடித்தால்தான் அது வழக்காகும். அந்த வழியாகத்தான் விடுதலைக் கேள்வி ஜூரி முன் வந்தது. நிரூபிக்கும் பாரம் வாதி தலையில்.

சட்டம் ஸ்காட் பக்கமே இருந்தது. அடிமைமுறை இல்லாத இல்லினாய் மாநிலத்தில் குடியிருக்க வைத்தால் விடுதலை என்றது, 1824-இன் வின்னி வழக்கில் மிசௌரி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. ராணுவ அதிகாரிக்கும் விலக்கில்லை என்றது 1836-இன் ரேச்சல் வழக்கில் அதே நீதிமன்றம் தந்த தீர்ப்பு. ஸ்காட்டை வைத்திருந்த எமர்சன், ராணுவ மருத்துவர். ஸ்காட்டை இல்லினாயிலும், அதேபோல் அடிமைமுறைக்குத் தடை இருந்த விஸ்கான்சின் பிரதேசத்திலும் வைத்திருந்தார்.

1846 ஏப்ரலில் டிரெட்டும் மனைவி ஹாரியட்டும் தனித்தனியே மனுப் போட்டார்கள். பிரதிவாதி எமர்சனின் விதவை. 1847 ஜூன் விசாரணையில், அந்த அம்மாள்தான் இவர்களை அடிமையாக வைத்திருக்கிறார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். அதற்குச் சாட்சி, இவர்களை வாடகைக்கு எடுத்திருந்த ரசல். குறுக்கு விசாரணையில் அவர், பேசி முடித்தது மனைவிதான், பணம் கொடுத்தது மட்டுமே தான் என்று ஒப்புக்கொண்டார். அவர் சொன்னதெல்லாம் பிறர் சொல்லக் கேட்ட செவிவழிச் சாட்சியம் ஆகி, செல்லாமல் போய்விட்டது. அந்த அம்மாள் அடிமையாக வைத்திருந்தார் என்று நிரூபணம் ஆகாததால், அவரிடமே அடிமைகளாகத் திரும்பினார்கள். ரசலின் மனைவியை முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். இது வக்கீல் தரப்பின் கவனக்குறைவு என்றே சொல்வேன்.

மறுவிசாரணைக்கு 1850 ஜனவரி ஆனது. நடுவில் 1849-இல் நகரத்தில் பெருந்தீ, காலரா. அதுவரை ஷெரீஃப் இவர்களை வாடகைக்கு விட்டு, கூலியைத் தன் பொறுப்பில் வைத்திருந்தார். இம்முறை ரசல் மனைவியின் வாக்குமூலம் இருந்தது, ஜெயித்தார்கள். ஆனால் மேல்முறையீடு போன நேரத்தில் மாநில உச்ச நீதிமன்றத்தின் போக்கே மாறியிருந்தது. காலம் முன்போல் இல்லை என்று எழுதி, 1852-இல் தன் பழைய தீர்ப்புகளையே அது தள்ளிவிட்டது.

1857-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மறுத்த பிறகு, விடுதலை அதே ஆண்டு மே மாதம், புதிய உரிமையாளர் எழுதிக்கொடுத்த பத்திரத்தில்தான் வந்தது. 1858 செப்டம்பரில் டிரெட் இறந்தார்.