ஒரே குழாயில் மூன்று நிறம்: ஆத்தங்குடிக் கல்லில் அப்பல்லோ கேமரா

1969 ஜூலையில் அப்பல்லோ 11-இன் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் ஏணி வழியே இறங்கிய காட்சி மங்கலாக இருந்ததற்குப் பழி கேமரா மேல்தான் விழுகிறது. வெஸ்டிங்ஹவுஸ் செய்த அந்தக் கறுப்பு வெள்ளைக் கேமரா உண்மையில் கெட்டிக்காரக் கருவி. குரலும் இதயத்துடிப்பும் கருவி அளவீடுகளும் போகிற அதே இணைப்பில் படத்துக்கு ஒதுக்கியது சுமார் 500 கிலோஹெர்ட்ஸ். அதற்குள் அடக்க நொடிக்கு 10 படம், 320 வரி என்று சுருக்கினார்கள். அமெரிக்க டிவிக்கு வேண்டியதோ 30 படம், 525 வரி. ஆகவே தரை நிலையத்தில் அந்தப் படத்தைச் சிறு திரையில் ஓடவிட்டு, இன்னொரு கேமராவால் பிடித்து, இடைவெளியைக் காந்தத் தட்டில் பதிந்ததைக் கொண்டு நிரப்பினார்கள். தெளிவு பெரும்பாலும் போனது இங்கேதான்.

கலர் கதை இதைவிடச் சுவை. அதே ஆண்டு மே மாதம் அப்பல்லோ 10-இல் போன கேமராவில், ஒளியை மின்குறியாக மாற்றும் குழாய் ஒன்றே ஒன்று. அதன் முன்னால் சிவப்பு, பச்சை, நீலம் இரண்டிரண்டு தடவை வரும் ஆறு துண்டு வடிகட்டிச் சக்கரம், நொடிக்கு ஏறத்தாழ 10 சுற்று. அனுப்பியது வெறும் கறுப்பு வெள்ளை. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் மூன்று மூன்றாக அடுக்கி நிறமாக்கினார்கள். மூன்று நிறமும் வெவ்வேறு கணத்தில் எடுத்தவை என்பதால் ஓடுகிற பொருளுக்கு இந்த முறை ஒத்துவராது. அப்பல்லோ 17 நிலவிலிருந்து கிளம்பியபோது சிதறிய துண்டுகள் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பறந்தது அதனால்தான்.

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிக் கண்காட்சிக்கு இது அருமையான சோதனை. ஆத்தங்குடியில் கையால் செய்யும் பல நிறப் பூவேலைத் தரைக்கல் பதித்த தரை வேண்டும். வளவு (வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றம்) வேண்டாம், ஒரு மேகம் நகர்ந்தால் மூன்று படத்துக்கும் மூன்று வெளிச்சம். நிழல் மாறாத முகப்பே (வீட்டின் முன்கூடம்) நல்லது.

போனை ஸ்டாண்டில் பூட்டுங்கள். ஒயிட் பேலன்ஸையும் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் போன் தானாக நிறத்தைத் திருத்திக் கெடுத்துவிடும். சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிப் பேப்பரை ஒவ்வொன்றாக லென்ஸ் முன் பிடித்து மூன்று படம் எடுங்கள். பச்சையும் நீலமும் மற்ற நிறங்களைக் கசியவிடும், இரண்டு மடிப்பாக வைக்கலாம். மூன்றையும் கறுப்பு வெள்ளையாக்கி, ஜிம்ப் மென்பொருளில் கலர்ஸ், காம்பொனென்ட்ஸ், கம்போஸ் என்று போய் அந்தந்த நிறத்துக்கு அந்தந்தப் படத்தைக் கொடுங்கள். பூ வேலைப்பாடு நிறத்தோடு எழும்பி வரும்.

அடுத்து, படம் எடுக்கும்போது வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரை நடக்கவிடுங்கள். பின்னால் இருட்டான கதவு இருந்தால் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வேட்டி தெரியும்.

யாரும் நடக்காமலே கல்லின் ஓரங்களில் நிறக் கோடு தெரிந்தால் போன் அசைந்திருக்கிறது. திரையைத் தொடாமல் டைமர் வையுங்கள்.